குடத்துக்குள் இருந்து வரும் குரல்: கம்பியில்லா ஹெட்செட் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

“டீச்சர், உங்க குரல் குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு.”

ஒரு சனிக்கிழமை இரவு வகுப்பில் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி சொன்னது இது. நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தபடி எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவப் பொதுத் தேர்வு) மாணவர்களுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வேறு வழியில்லாமல் தொடங்கிய வகுப்பு. பினாங்குப் பிள்ளைகளோடு சுங்கைப் பட்டாணி, தைப்பிங் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டதால் இன்றுவரை அப்படியே நடக்கிறது. அன்று நான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தவை ஷ, ஸ வரும் சொற்கள். ‘வருஷம்’, ‘சரஸ்வதி’, ‘புஷ்பம்’ என்று நான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, அந்தப் பக்கம் இரண்டு எழுத்தும் ஒன்றாகவே போய் விழுந்திருக்கிறது.

அந்த மாணவியின் அம்மா பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். மறுநாள் கூப்பிட்டார். “அவளோட ஹெட்செட் கெட்டுப் போச்சு போல டீச்சர். புதுசு ஒண்ணு வாங்கிட்டேன், 160 வெள்ளி” என்றார், அதாவது 160 மலேசிய ரிங்கிட். அடுத்த சனிக்கிழமையும் அவளுக்கு அதே குடத்துக் குரல்தான். அப்புறம்தான் மற்ற பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேட்டேன். ஏழு பேருக்குமே அப்படித்தான் கேட்டிருக்கிறது. டீச்சரிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஆறு பேர் பேசாமல் இருந்துவிட்டார்கள். கோளாறு என் மேசையில் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்புதான் நான் கம்பி வைத்த பழைய ஹெட்செட்டை விட்டுப் புளூடூத் ஹெட்செட்டுக்கு மாறியிருந்தேன்.

அந்த 160 வெள்ளி என் மனதை விட்டுப் போகவே இல்லை. இரவு ஷிஃப்டில் நின்று சம்பாதித்த காசு, கெடாத ஒரு பொருளுக்குப் பதிலாக இன்னொன்று வாங்கப் போய்விட்டது. என் தம்பி மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். அவனை உட்கார வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு என் மாணவர் வீடுகளில் வந்த கோளாறுகளையும் இந்த வழியில்தான் கண்டுபிடித்தோம். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், சத்தம் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஹெட்செட்டில் இருக்காது.

முதலில் கேட்க வேண்டியது

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி: யாருக்குச் சத்தம் கெட்டிருக்கிறது?

ஒருவருடைய குரல் மட்டும் எல்லோருக்கும் மோசமாகக் கேட்டால் கோளாறு பேசுகிறவர் பக்கம். ஒருவருக்கு மட்டும் எல்லோருடைய குரலும் மோசமாகக் கேட்டால் அது கேட்கிறவர் பக்கம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். நான் அன்றே மற்ற ஆறு பேரிடமும் கேட்டிருந்தால் அந்த அம்மா கடைக்குப் போயிருக்க மாட்டார்.

கேட்கிறவர் பக்கம்தான் என்று தெரிந்தால் அடுத்தது இணையமா, ஹெட்செட்டா என்று பிரிக்க வேண்டும். கணினியில் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் ஒரு பாட்டை ஓட விடுங்கள். யூடியூப் வேண்டாம், கணினிக்குள்ளேயே இருக்கும் கோப்பாக இருக்கட்டும். அது தடங்கல் இல்லாமல் பாடி, வகுப்பில் மட்டும் குரல் வெட்டுகிறது என்றால் இணையத்தைப் பாருங்கள். அந்தப் பாட்டும் விட்டு விட்டுக் கேட்டால் ஹெட்செட்டுக்கும் கணினிக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது.

அப்புறம் இரண்டு மாற்றுச் சோதனை. ஹெட்செட்டைக் கைப்பேசியோடு இணைத்துப் பத்து நிமிடம் கேளுங்கள். அங்கே நன்றாக இருந்தால் ஹெட்செட்டின் பேட்டரியும் ஒலிபெருக்கியும் பிழைத்தன. அடுத்து, சாதாரணக் கம்பி இயர்போன் ஒன்றைக் கணினியின் பச்சைத் துளையில் செருகிப் பாருங்கள். அதில் நன்றாகக் கேட்டால் கணினியின் ஒலி அமைப்பும் பிழைத்தது. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள காற்றும், கணினி அந்தக் கருவியை நடத்தும் விதமும்தான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேசைக்கணினியில் பெரும்பாலும் காதுக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்று இரண்டு துளை தனித்தனியாக இருக்கும். கைப்பேசி இயர்போனின் ஒற்றை முனையைப் பச்சையில் செருகினால் கேட்க முடியும், பேச முடியாது. மைக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

உங்கள் ஹெட்செட் எந்த வகை என்பதும் தெரிய வேண்டும். பெட்டியில் கட்டைவிரல் நகமளவு யூஎஸ்பி ரிசீவர் ஒன்று வந்திருந்தால் அது பெரும்பாலும் தன் சொந்த ரேடியோ இணைப்பில் வேலை செய்யும் வகை. அந்த ரிசீவர் தொலைந்தால் கடையில் விற்கும் பொதுவான புளூடூத் டோங்கல் (கணினியில் செருகும் சிறு புளூடூத் கருவி) அதற்கு ஈடாகாது. ரிசீவர் எதுவும் இல்லாமல் கணினியின் புளூடூத் பட்டியலில் பெயர் வருகிறதென்றால் அது புளூடூத் வகை. சில ஹெட்செட்டுகளில் இரண்டும் உண்டு.

சத்தமே இல்லை என்றால்

இது பயமுறுத்தும், ஆனால் எளிதில் தீரும். மேசைக்கணினியில் இதற்கு முதல் காரணம் மானிட்டர். மானிட்டரை எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் கம்பியில் இணைத்திருந்தால், அந்தக் கம்பி படத்தோடு ஒலியையும் கொண்டுபோகக் கூடியது. அதனால் விண்டோஸ் மானிட்டரையும் ஓர் ஒலிபெருக்கியாகப் பட்டியலில் சேர்த்துவிடும், அதற்குள் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும்கூட. ஹெட்செட் ஒரு முறை அணைந்து எழுந்தால் போதும், சத்தம் மானிட்டருக்குப் போய்விடக்கூடும். காதில் ஒன்றும் விழாது.

திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் கருவிகளின் பட்டியல் விரியும். அதில் உங்கள் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகும் ஒரு செயலியில் மட்டும் சத்தம் வரவில்லை என்றால் ‘வால்யூம் மிக்சர்’ பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு செயலிக்கும் தனி ஒலியளவும் தனி வெளியீட்டுக் கருவியும் அங்கே இருக்கும். வகுப்பு நடத்தும் ஸூம், மீட், டீம்ஸ் போன்றவற்றுக்கு உள்ளேயும் ஸ்பீக்கர், மைக் தேர்வு தனியாக உண்டு. விண்டோஸில் நீங்கள் மாற்றியதை அவை கண்டுகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போன வாரம் தேர்ந்தெடுத்த கருவியையே அவை பிடித்துக்கொண்டிருக்கலாம்.

மைக் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் ஹெட்செட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் மைக் தண்டை மேலே மடக்கினாலே வாய் மூடிவிடும். சிலவற்றில் காதுக் கிண்ணத்தின் விளிம்பில் சிறிய பொத்தான் இருக்கும், கழற்றி வைக்கும்போது விரல் பட்டாலே போதும். அது சரியாக இருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸில் ‘பிரைவசி’ பகுதியில் ‘மைக்ரோஃபோன்’ அனுமதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். உலாவியில் வகுப்பு நடந்தால், முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் உலாவியின் சொந்த அனுமதியும் இருக்கும்.

மைக்கைத் திறந்ததும் சத்தம் கெட்டால்

என் குடத்துக் குரலுக்குக் காரணம் இதுதான். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன். நல்ல ஹெட்செட்டுகள் பல ‘கெட்டுப்போனவை’ என்று பெயர் வாங்கி அலமாரிக்குள் போவது இதனால்தான்.

புளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு வேலை முறை உண்டு. பாட்டு கேட்கும்போது கணினியிலிருந்து காதுக்கு ஒரே திசையில் ஒலி வருகிறது. இந்த முறைக்கு ஏ2டிபி என்று பெயர். இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி, பொதுவாக நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியை நொடிக்கு அத்தனை முறை அளந்து எடுக்கிறது. மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்த உடனே ஹெட்செட் அந்த முறையை விட்டுவிட்டு ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ என்ற முறைக்கு மாறிவிடும். தொலைபேசியில் பேசுவதற்காக வந்த முறை அது. ஜார்ஜ் டவுனில் ஒருவழியாக ஓடும் சாலையைத் திடீரென்று இருவழியாக்கி, இருந்த தடங்களையும் குறைத்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான். குரல் போகவும் வேண்டும், வரவும் வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் ஒற்றை ஒலியாகச் சுருங்குகிறது. பழைய புளூடூத் கருவியாக இருந்தால் நொடிக்கு வெறும் 8,000 மாதிரி. கொஞ்சம் புதியது என்றால் 16,000.

இதன் விளைவை ஒரு தமிழாசிரியராக நான் என் காதாலேயே கேட்டுவிட்டேன். மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதி அளவுக்கு உட்பட்ட ஒலிதான் பிழைக்கும். 8,000 மாதிரி என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 4,000 அதிர்வுக்கு) மேல் எதுவும் போகாது. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் முக்கியமான பகுதி அதற்குக் கீழே அடங்கிவிடும். அதனால்தான் யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்பது புரிகிறது. ஆனால் ‘ஸ’ என்று சொல்லும்போது பல்லிடுக்கில் வரும் சீறல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ‘ஷ’வின் சீறல் அதைவிடக் கொஞ்சம் தாழ்வாகத் தொடங்கும். மேல் பகுதியை வெட்டி எறிந்தால் ‘ஸ’ தன் அடையாளத்தை இழந்துவிடும். நான் எவ்வளவு திருத்தமாக உச்சரித்தாலும் அந்தப் பக்கம் போய்ச் சேர வழியே இல்லை.

உங்கள் வீட்டில் நடப்பது இதுதானா என்று பார்க்க, பாட்டு ஒன்றை ஓடவிட்டு, வகுப்புச் செயலியைத் திறந்து மைக்கை இயக்குங்கள். அந்த நொடியில் பாட்டு தட்டையாகி, கிணற்றுக்குள் விழுந்ததுபோல் ஆகி, மைக்கை விட்டதும் சில நொடியில் பழையபடி ஆனால் சந்தேகமே வேண்டாம். சவுண்ட் செட்டிங்ஸில் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ போய், ‘ரெக்கார்டிங்’ பகுதியில் ஹெட்செட்டின் ‘பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘அட்வான்ஸ்டு’ பார்த்தால் 8000 அல்லது 16000 ஹெர்ட்ஸ் என்று எண்ணே தெரியும். என் திரையில் 8000 என்று இருந்ததைப் பார்த்தபோது, தம்பி ஒன்றும் சொல்லாமல் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தான். எனக்கு அந்த மாணவியின் அம்மா முகம்தான் நினைவுக்கு வந்தது.

இதற்கு நான் கண்ட சிறந்த தீர்வு, கேட்பதற்கு ஹெட்செட், பேசுவதற்கு வேறு மைக் என்று பிரித்துவிடுவதுதான். தம்பியிடம் கிடந்த பழைய யூஎஸ்பி மைக் ஒன்றை மேசையில் வைத்தேன். வெப்கேமில் இருக்கும் மைக்கும் இந்த வேலையைச் செய்யும், கொஞ்சம் பக்கத்தில் இருந்தால் சரி. வகுப்புச் செயலியில் ஸ்பீக்கருக்கு ஹெட்செட்டையும் மைக்குக்கு அந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட்டின் மைக்கை யாரும் தொடாதவரை அது பாட்டு கேட்கும் முறையிலேயே இருக்கும். எனக்குப் பிள்ளைகளின் குரலும் தெளிந்தது, அவர்களுக்கு என் குரலும் தெளிந்தது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதில் ஒரே ஹெட்செட் பட்டியலில் இரண்டு பெயரில் வரும். ஒன்று ‘ஸ்டீரியோ’ என்றும், இன்னொன்று ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ என்றும் இருக்கும். ஸ்டீரியோ என்பதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11 இரண்டையும் ஒரே பெயருக்குள் சேர்த்துவிட்டது. பார்க்க எளிது, ஆனால் எப்போது மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அங்கே சவுண்ட் செட்டிங்ஸில் ‘இன்புட்’ பகுதியில் ஹெட்செட்டைத் திறந்து, செயலிகள் அதைப் பயன்படுத்தலாமா என்ற இடத்தில் ‘டோன்ட் அலவ்’ அழுத்திவிட்டால் எந்தச் செயலியும் அந்த மைக்கைத் திறக்காது.

வகுப்பே நடக்கவில்லை, பாட்டு மட்டும் கேட்கிறேன், அப்போதும் குடத்துக் குரல் என்றால், பின்னால் ஏதோ ஒரு செயலி மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சிறிய மைக் படம் தெரிகிறதா பாருங்கள். அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் எந்தச் செயலி என்று பெயர் சொல்லும். மூடாமல் விட்ட உலாவிப் பக்கம், அரட்டைச் செயலி, விளையாட்டு இவைதான் பெரும்பாலும்.

எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கவே வந்திருக்கிறது. 2020-இல் அறிமுகமானது. அதற்கு ஹெட்செட், கணினியின் புளூடூத் கருவி, அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள், விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பு எல்லாமே அந்த முறையை ஏற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பழைய முறைக்கே திரும்பிவிடும். அதற்காகவே புதிதாக எல்லாம் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹெட்செட் வாங்கியே ஆக வேண்டும், பேசுவதுதான் முக்கிய வேலை என்றால் சொந்த ரிசீவர் உள்ள வகையை வாங்குங்கள். பேசுவதும் கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று எண்ணியே செய்தவை அவை. இந்த முறை மாற்றம் அவற்றுக்கு இல்லை.

விட்டு விட்டுக் கேட்டால்

எனக்கு மைக் சரியான பிறகும் இன்னொரு தொல்லை மிச்சம் இருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது சத்தம் அரை நொடி அறுந்து அறுந்து வரும். நாற்காலியைச் சற்றுத் திருப்பினால் நிற்கும், திரும்ப வரும்.

தம்பி கைப்பேசி விளக்கோடு மேசைக்கு அடியில் புகுந்தான். என் கணினி தரையில் இருக்கிறது. இரும்புப் பெட்டி, அதன் முதுகு சுவரைப் பார்த்து, பக்கத்தில் இரும்பு அலமாரி. புளூடூத் டோங்கல் பின்பக்கம் ஒரு யூஎஸ்பி துளையில். அதற்கு ஒட்டினாற்போல் நீலத் துளையில் என் பாடக் கோப்புகள் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க். “அக்கா, இதை யாரு இப்படிப் பக்கத்துல பக்கத்துல வச்சது?” என்றான். நான்தான் வைத்தேன். துளை காலியாக இருந்தது, செருகினேன், அவ்வளவுதான்.

நீலத் துளை என்பது பெரும்பாலும் யூஎஸ்பி 3. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது அதன் கம்பியும் செருகியும் ரேடியோ இரைச்சலை வெளியே கசிய விடுகின்றன. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் மூடிவிடும். புளூடூத்தும், ரிசீவர் வகை ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவையும் ஓடுவது அதே பகுதியில்தான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி அளவீடுகளோடு ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. அதே இன்டெல்லின் ஆலை 1972-இல் இருந்து நம் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. அதன் வாசல் வழியாக எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். என் மேசைக்கு அடியில் நடப்பதைப் பற்றி அவர்கள் அளந்து எழுதியிருப்பார்கள் என்று அப்போது தெரியாது.

தம்பி செய்தது மிகச் சிறிய வேலை. ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்றை முன்பக்கத்துக் கறுப்புத் துளையில் செருகி, மேசைமேல் கொண்டுவந்து, அதன் முனையில் டோங்கலை மாட்டினான். மேசை விளிம்பில் இருபக்கம் ஒட்டும் பட்டையால் அதை என் பக்கம் பார்க்கும்படி ஒட்டினான். பத்து வெள்ளிக்குள் முடிந்த வேலை. அறுந்து அறுந்து வந்த சத்தம் அன்றோடு நின்றது. டோங்கலோ ரிசீவரோ எதுவாக இருந்தாலும் உங்கள் ஹெட்செட்டைக் கண்ணால் பார்க்கும் இடத்தில் வையுங்கள். நம் உடம்பில் இருக்கும் நீர்கூட இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். நாற்காலியைத் திருப்பினால் சத்தம் போய் வந்ததற்குக் காரணம் என் உடம்பே நடுவில் வந்ததுதான்.

டோங்கல் இல்லாமல் மதர்போர்டிலேயே (கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையிலேயே) புளூடூத் இருக்கிறது என்றால் கணினியின் முதுகைப் பாருங்கள். பொன்னிறத்தில் மரை போட்ட இரண்டு சிறிய முனை வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தால் ஆன்டெனா மாட்டவில்லை என்று பொருள். வைஃபைக்கும் புளூடூத்துக்கும் அந்த ஆன்டெனாதான். தைப்பிங் மாணவன் ஒருவனுக்கு இரண்டு அடி தள்ளினாலே சத்தம் போய்விடும். மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியைத் தேடச் சொன்னேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இரண்டு ஆன்டெனாவும் அதற்குள்ளேயே இருந்தன. கணினியைக் கட்டிக்கொடுத்தவர் மாட்ட மறந்திருக்கிறார். வைஃபை வேண்டாம், இணையத்துக்குக் கம்பி இருக்கிறதே என்று அவனும் தேடவில்லை.

அடுத்தது வைஃபை. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 79 சிறு தடங்களாகப் பிரித்துக்கொண்டு நொடிக்கு 1,600 முறை தடம் மாறி மாறி ஓடுகிறது. நெரிசலான தடத்தைத் தவிர்க்கவும் அதற்குத் தெரியும். ஆனால் அடுக்குமாடியில் மேலே, கீழே, பக்கத்தில் என்று பத்து வீட்டு ரவுட்டர்கள் அதே பகுதியில் இருந்தால் தவிர்க்க இடம் ஏது? உங்கள் கணினியை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயருக்கு மாற்றுங்கள். முடிந்தால் கம்பியிலேயே இணைத்துவிடுங்கள், மேசைக்கணினி எங்கேயும் நடந்துபோகப் போவதில்லை. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் சத்தம் கெடுகிறதா? மைக்ரோவேவ் அடுப்பும் 2,450 மெகாஹெர்ட்ஸ் அளவில்தான் வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் இரவு எட்டரைக்கு அம்மா அப்பாவுக்குச் சோறு சூடாக்கும் நேரமும் என் வகுப்பும் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. இப்போது வகுப்புக்கு முன்பே சூடாக்கி மூடி வைத்துவிடுகிறார்.

மற்றவை

யாராவது அழைத்தால் பாட்டோ காணொளியோ திடீரென்று அடங்கிப்போகிறதா? ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ பெட்டியில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள். பேச்சு நடக்கும்போது மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைக்கும்படி விண்டோஸ் முதலிலேயே வைத்திருக்கும். ‘டூ நத்திங்’ என்று மாற்றிவிடுங்கள். வகுப்பில் காணொளி போட்டுக் காட்டும் ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

நடுவகுப்பில் சத்தம் மாயமாகி இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தால், ஹெட்செட் உங்கள் கைப்பேசியோடும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கருவியோடு ஒட்டும் ஹெட்செட், கைப்பேசியில் ஒரு செய்தி வந்தால்கூட அங்கே ஓடிவிடும். வகுப்பு நேரத்தில் கைப்பேசியின் புளூடூத்தை அணைத்து வையுங்கள்.

உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் இருப்பது புளூடூத்தின் இயல்பு. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிக்க நேரம் ஆகிறது. பேச்சு வகுப்புக்குப் பாதகமில்லை. பாட்டு, மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர்கள் தாளத்துக்காகக் கம்பி ஹெட்செட்டையே வைத்துக்கொள்வது நல்லது, இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் ஹெட்செட் தொடர்பு விட்டுப்போகிறது என்றால், ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து புளூடூத் கருவியின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்தக் கணினி இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். எல்லா கணினியிலும் அந்தப் பகுதி தெரியாது. தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எதுவுமே பிடிபடாதபோது இணைப்பை முழுவதும் முறித்துத் திரும்பக் கட்ட வேண்டும். புளூடூத் பட்டியலில் ஹெட்செட்டை ‘ரிமூவ்’ செய்யுங்கள், கைப்பேசியிலும் மறக்கச் சொல்லுங்கள். அப்புறம் கணினியை ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ வேண்டாம். விரைவாக எழுவதற்காக விண்டோஸ் தன் உள்ளமைப்பைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் பல கணினிகளில் அணைகிறது. பழைய குழப்பமும் அதோடு சேர்ந்தே எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் துடைக்கும். பிறகு ஹெட்செட்டை இணைப்பு முறையில் வைத்துப் புதிதாகச் சேருங்கள். டிரைவர் புதுப்பிப்பது என்றால் மதர்போர்டு அல்லது டோங்கல் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஒரே சொடுக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பிக்கிறேன் என்று வரும் இலவசச் செயலிகளை என் மாணவர் யாரும் இறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நம் ஊர் வெக்கைக்காக ஒரு வார்த்தை. சார்ஜ் போடும் துளையில் வியர்வை இறங்கிப் பச்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஹெட்செட்டை வைத்துவிட்டுப் பசாருக்குள் போகாதீர்கள், பேட்டரி அந்தச் சூட்டைத் தாங்காது.

இவ்வளவும் பார்த்து, கைப்பேசியிலும் கெட்டுத்தான் கேட்கிறது என்றால் அப்போது ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ரசீதும் பெட்டியும் கையில் இருக்கட்டும். எந்தெந்தக் கருவியில் போட்டுப் பார்த்தோம், எப்போது அறுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், வேறு வாங்குங்கள் என்று சட்டென்று சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

நான் இப்போது ஒவ்வொரு வகுப்புக்கும் கால் மணி நேரம் முன்பே உட்கார்ந்து, விண்டோஸில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலியில் ஒரே வாக்கியத்தைப் பதிந்து கேட்கிறேன். ஷவும் ஸவும் பிரிந்து கேட்கின்றனவா என்று பார்ப்பதற்காக நானே கட்டிய வாக்கியம். அதில் வரும் ‘ப’வில் காற்று அடித்து ‘புஸ்’ என்று கேட்டால் மைக் வாய்க்கு மிக நேராக இருக்கிறது, இரண்டு விரல் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். அந்த மாணவியும் தன் புது ஹெட்செட்டில் இதையே பதிந்து, வகுப்பு தொடங்குமுன் எனக்கு அனுப்புகிறாள். பழையதை அவள் தம்பி எடுத்துக்கொண்டான், இன்றும் நன்றாகப் பாடுகிறதாம். வாக்கியம் இது:

“புஷ்பா அக்கா பஸ் ஏறி, பட்டர்வொர்த் பசாரில் சீனியும் இஞ்சியும் வாங்கி, சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தார்.”